வியாழக்கிழமை எடை

அத்தியாயம் 8

ஆறாம் படுக்கைக்காரர் நான்காவது வியாழக்கிழமையும் மயங்கினார். இந்த முறை சுமலதா அங்கே இல்லை.

ஆறு நாட்களாக அவள் கெலமங்கலத்தில் தன் வீட்டில் இருந்தாள். டயாலிசிஸ் மையத்தில் ஏழு வருடம் டெக்னீசியனாக வேலை பார்த்தவள். அவளை வீட்டுக்கு அனுப்பியது, துப்பறியும் ஜோதிமணி எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்க அறிக்கை.

ஜோதிமணி கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“என்னாக்கா, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டுதா?” என்றான் விமல்ராஜ்.

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். வருகிற வழக்குகளில் பத்துக்கு எட்டு கல்யாண விசாரணை. அதனால் அவள் முகம் மாறினாலே விமல்ராஜ் மாப்பிள்ளையைத்தான் சந்தேகிப்பான்.

“டயாலிசிஸ் சென்டர். மறுபடியும் அதே ஆள். அதே மூணாவது மணி நேரம்.”

“சுமலதா?”

“வீட்டுல.”

கையிலிருந்த பப்ஸை அவன் காகிதத்தில் வைத்தான். “அப்ப நம்ம ரிப்போர்ட்டு?”

“வண்டியை எடு.”

விமல்ராஜுக்கு முப்பத்து நான்கு வயது. முன்பு கால் டாக்ஸி ஓட்டியவன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் தடங்கல் இல்லாமல் பொய் சொல்வான். ஜோதிமணிக்கு அது வராது. இருபத்திரண்டு வருடம் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவள். வரைபடத்தில் இருபது மில்லிமீட்டர் என்றால் உருப்படியிலும் இருபது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவாள்.

அந்தக் கண்ணோடுதான் மையத்தின் பதிவேடுகளைப் பார்த்தாள். விதிப்படி நோயாளிகளின் பெயரை மறைத்திருந்தார்கள். எண் மட்டும் இருந்தது. ஆறாம் படுக்கைக்காரருக்கு இருபத்தேழாம் எண், மூன்று வியாழன், மூன்று மயக்கம். உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீரின் அளவு மூன்று நாளும் பதிவேட்டில் ஒன்றாகவும் இயந்திரத்தின் நினைவில் வேறாகவும் இருந்தது. மூன்று நாளும் பணியில் இருந்தவள் சுமலதா. ஜோதிமணி அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “இது உங்க கையெழுத்துதானே?” அவள் ஆமாம் என்றாள். ‘தெரிந்தே செய்யப்பட்டது’ என்று எழுதி ஜோதிமணி கையெழுத்துப் போட்டாள். நோயாளியை அவள் பார்க்கவே இல்லை.

இன்று மாலை ஐந்து மணிக்கு மையத்தின் குழு கூடுகிறது. சுமலதாவை நீக்கும் கடிதம் தயாராக இருந்தது. நோயாளிக்குத் தெரிந்தே தீங்கு செய்தவள் என்ற அந்தக் கடிதத்தோடு அவளை எந்த மருத்துவமனையும் உள்ளே விடாது.

சிக்னலில் லாரிகள் நின்றன. விமல்ராஜால் மௌனத்தைத் தாங்க முடியாது.

“நாளைக்கு வெள்ளிக்கிழமைக்கா. எனக்கு டீக்கடை ட்யூட்டி. வேற எதும் வச்சிடாதீங்க.”

அது வேறு வழக்கு. காவேரிப்பட்டினத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் அப்பாவுக்கு ஏதாவது வியாதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தார்கள். அவர் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. வெள்ளிக்கிழமைதோறும் விமல்ராஜ் அங்கே உட்காருவான். மற்ற நாட்களில் அவனுக்கு வேறு இரண்டு கல்யாணங்கள் இருந்தன.

“அந்த மனுசனுக்கு ஒரு கேடும் இல்லக்கா. நாலு வாரமா பாக்குறேன். ரெண்டு டீ, ஒரு மோரு, ஒரு சொம்பு தண்ணி, அதுக்கு மேல கரும்பு ஜூஸு. அவரு குடிக்கிறதப் பாத்தே எனக்கு மூணு தரம் ஒண்ணுக்கு வருது. போன வாரம் எனக்கே ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு.”

“நீ வேவு பாக்குறது தெரிஞ்சிருக்குமோ?”

“என்னையா? டீயில சக்கரை மாதிரிக்கா நான். கலந்துட்டா கண்டுபிடிக்க முடியாது.”

ஜோதிமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் ஐந்து மணியை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மையத்தில் எட்டுப் படுக்கைகள். காலை ஆட்கள் போய், மதிய ஆட்கள் படுத்திருந்தார்கள். ஆறாம் படுக்கைக்காரரை மட்டும் வீட்டுக்கு விடவில்லை. சுவரோரம் ஒரு கட்டிலில், கண்களின் மேல் ஈரத் துண்டு போட்டு, கையில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். விமல்ராஜை வாசல் நடையோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி.

சுமலதாவின் இடத்தில் வந்திருந்த பெண் பிரவீனா. அழுது முகம் கழுவியிருந்தாள்.

“பதிவேட்டுல இருந்தபடியேதான் வச்சேன் மேடம். ஒரு புள்ளி மாத்தல. மூணு புள்ளி ஒண்ணுன்னா மூணு புள்ளி ஒண்ணு.”

“அந்தக் கணக்கு எப்படி வருது?”

“வந்ததும் எடை பாப்போம். இவரு உடம்புல கூடுதல் தண்ணி இல்லாம அம்பத்தெட்டு கிலோ இருக்கணும். இன்னிக்கி காலையில அறுபத்தொண்ணு புள்ளி ஒண்ணு. மிச்சம் மூணு புள்ளி ஒண்ணு. அவ்வளவும் தண்ணி. நாலு மணி நேரத்துல மெசின் அத எடுத்துடணும்.”

அவள் இயந்திரத்தின் திரையைத் தட்டினாள். ஒரு கோடு வந்தது. இடமிருந்து வலமாகக் கொஞ்ச தூரம் மெதுவாக இறங்கி, பிறகு கால் தவறியதுபோலச் சரிந்திருந்தது.

“இது என்ன?”

“ரத்தத்தோட அளவு. எட்டு மெசின்ல ரெண்டுலதான் இது இருக்குது.” பிரவீனா யோசித்தாள். “உங்க பக்கம் போர்வெல் இருக்குதுங்களா மேடம்? அது மாதிரிதான். மெசின் ரத்தத்துல இருந்து தண்ணிய இழுக்கும். இழுக்க இழுக்க, உடம்புல தேங்கியிருக்குற தண்ணி ரத்தத்துக்குள்ள ஊறி வரும். ஊறுற வேகத்துக்கு இழுத்தா கோடு மெதுவா எறங்கும். அதவிட வேகமா இழுத்தா சரியும். பி.பி. விழுந்துடும், காலு இழுத்துக்கும். கோடு சரியும்போதே இழுக்குறதக் கொறைச்சுடணும்.”

“நீ குறைச்சியா?”

பிரவீனா தரையைப் பார்த்தாள்.

“டாக்டர் கையெழுத்து இல்லாம அளவ மாத்தக் கூடாதுன்னு போன வாரம் சர்க்குலர் ஒட்டிட்டாங்க. டாக்டருக்கு போன் பண்ணேன். அவரு எடுக்குறதுக்குள்ள இவரு கண்ணு சொருகிட்டாரு.”

“போன வாரமா?”

“உங்க ரிப்போர்ட்டுக்கு அப்புறம் மேடம்.”

சர்க்குலர் இயந்திரத்துக்கு மேலேயே ஒட்டியிருந்தது. ஜோதிமணி அதைப் படிக்கவில்லை.

“பழைய மூணு வியாழக்கிழமையையும் காட்டு.”

மூன்று கோடுகள் வந்தன. மூன்றும் இரண்டாம் மணியில் சரியத் தொடங்கி, நடுவில் நின்று, கொஞ்ச தூரம் சமமாக ஓடி, கடைசியில்தான் விழுந்திருந்தன.

“நடுவுல ஏன் நிக்குது?”

“சுமலதாக்கா கொறைச்சிருக்காங்க. பாருங்க. பதிவேட்டுல மூணு. மெசின்ல ரெண்டு புள்ளி மூணு. மூணு தரமும் கொறைச்சிருக்காங்க. அதான் அன்னிக்கெல்லாம் கொஞ்சத்தோட போச்சு. இன்னிக்கி…”



மூன்று, இரண்டு புள்ளி மூன்று. இதே எண்களைத்தான் ஜோதிமணி போன வாரம் பார்த்தாள். பொருந்தவில்லை என்று பார்த்தாள். எந்தப் பக்கம் பொருந்தவில்லை, கூட்டியதா குறைத்ததா என்று கேட்கவில்லை. பரிசோதகர்கள் அதைக் கேட்பதில்லை. அளவு தப்பினால் சிவப்புப் பெயிண்ட், அவ்வளவுதான்.

தெரிந்தே செய்யப்பட்டது. அந்த அறிக்கையில் அது ஒன்றுதான் சரி.

ஜோதிமணிக்குக் காது சுட்டது. பிரவீனா பார்க்காதபடி திரும்பி நின்றுகொண்டாள். மணி பதினொன்றரை.

“செவ்வாயும் சனியும் இவருக்கு ஒண்ணும் ஆகறதில்லையே?”

“இல்ல மேடம். வியாழக்கிழமைதான்.”

“கெணத்துல தண்ணி இருந்தா ஊறும். வியாழக்கிழமை மட்டும் ஊறலன்னா, அன்னிக்கிக் கெணத்துல தண்ணியே இல்ல.”

“அறுபத்தொண்ணு புள்ளி ஒண்ணு இருந்தாரே மேடம். நானே பாத்தேன்.”

“முடிஞ்சதும் எடை பாப்பீங்கல்ல? அந்தக் கட்டத்துல வியாழக்கிழமை மட்டும் வெறுமையா இருக்குது.”

“மயங்கி விழுந்தவர எப்படி மேடம் எடை மேல நிறுத்துறது?”

“இப்ப பாரு. நாற்காலியோட.”

எடை இயந்திரம் வாசல் நடையில் இருந்தது. முதலில் விமல்ராஜை அதில் ஏற்றினாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, மாலை போடப்போகிறவர்கள் முன்னால் நிற்பதுபோல நின்றான்.

“எண்பத்தொண்ணு” என்றாள் பிரவீனா.

“பொய். எழுபத்தொம்பது.”

“காலையில என்ன தின்ன?” என்றாள் ஜோதிமணி.

“ரெண்டு பப்ஸு, ஒரு தேங்காய் பன்னு, அப்புறம்…” அவன் இறங்கினான். “மெசின் சரியாத்தான் இருக்குதுக்கா.”

அவனை வெளியே அனுப்பிவிட்டு, நோயாளியைச் சக்கர நாற்காலியோடு ஏற்றினார்கள். நாற்காலியைக் கழித்தார்கள். ஐம்பத்தாறு புள்ளி ஏழு.

பிரவீனா கைபேசியில் கணக்குப் போட்டாள். காலையில் இருந்தது, இயந்திரம் எடுத்தது, மயங்கியபின் ஏற்றிய சலைன். மூன்று முறை போட்டாள். ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு இருக்க வேண்டும்.

“ரெண்டு கிலோ காணோம் மேடம்.”

“காணாமப் போகல. காலையில கூட இருந்திருக்குது. இவரு வந்ததுல இருந்து படுத்தது வரைக்கும் சொல்லு. ஒண்ணு விடாம.”

“ஆறு மணிக்கு வந்தாரு. செருப்பக் கழட்டுனாரு. எடை பாத்தேன். பாத்ரூம் போயிட்டு ரெண்டு நிமிசத்துல வந்தாரு. படுத்தாரு.”

“இவருக்கு ஒண்ணுக்கு வருமா?”

“ரெண்டு வருசமா ஒரு சொட்டு வராது மேடம்…” பிரவீனாவின் வாய் திறந்தபடி நின்றது.

நோயாளி கட்டிலுக்குத் திரும்பியதும் ஜோதிமணி வாசலுக்கு வந்தாள். விமல்ராஜிடம் சொன்னாள்.

“ரெண்டுக்குப் போயிருக்கலாமேக்கா.”

“ரெண்டு நிமிசத்துலயா?”

“நான் போவேன்.”

“ரெண்டு கிலோவா?”

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசல் நடையிலிருந்த கழிப்பறைக்குள் போனான். வாளிக்குப் பின்னால், கதவுக்கு மேல், ஜன்னல் விளிம்பில் என்று தேடும் சத்தம் கேட்டது. பிறகு ஃப்ளஷ் தொட்டியின் மூடி கல்லில் உரசியது.

“அக்கா.”

தண்ணீர் சொட்ட ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்ளும் நாடாப் பை. அதற்குள் கையகல எஃகுப் பல்சக்கரம் ஒன்று. ஜோதிமணி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எடை பார்க்க அவளுக்கு இயந்திரம் தேவையில்லை. இரண்டு கிலோ. ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட். எங்கோ ஒரு பரிசோதகர் ஒதுக்கிய உருப்படி.

“தட்டுக்கு அடியில புளிய ஒட்டித் தராசுல ஏமாத்துறவனைப் பாத்திருக்கேன். தன்னோட எடையே கூடன்னு ஏமாத்துற மனுசன் இவருதான்க்கா. இத வச்சு…”

விமல்ராஜ் நிறுத்தினான். சக்கரத்தில் பொறித்திருந்த வட்டக் குறியைப் பெருவிரலால் துடைத்தான்.

“என்ன?”

“இந்தக் குறி. நாலு வெள்ளிக்கிழமையா நான் இதுக்கு எதிர்லதான் ஒக்காந்திருக்கேன். அந்தக் கம்பெனிக் குறிதான் இது, அக்கா.”

அவன் சிரிக்கவில்லை. ஜோதிமணி வாங்கி ஒரு தட்டில் வைத்து, துண்டு போட்டு மூடினாள்.

“நான் கூப்பிடுற வரைக்கும் உள்ள வராதே.”

நோயாளி விழித்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டிய முகம். நன்றாகச் சவரம் செய்திருந்தார். ஜோதிமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துண்டை விலக்கினாள்.

அவர் பார்த்தார். கட்டில்லாத கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

“உங்க பேரு என்னங்கண்ணா?”

“கிருஷ்ணப்பன்.”

அந்தப் பெயரில் அவளுடைய கல்யாணக் கோப்புகளில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கில் இவர் யார் என்று இப்போது தெரிந்தது.

“ஏண்ணா இப்படி?”

“தண்ணி குடிக்கத்தாம்மா.” குரல் உள்ளே போயிருந்தது. “எனக்குத் தாகம் பழகிப்போச்சு. ஒரு ஐஸ் துண்ட வாயில போட்டுகிட்டு ஒரு நாள ஓட்டிடுவேன். இது தாகத்துக்குக் குடிக்கிறது இல்ல. வெள்ளிக்கிழமையானா ஒருத்தர் எங்க கேட்டுக்கு எதிர்க்க வந்து ஒக்காந்துகிட்டு என்னையே பாக்குறாரு. மொத நாளே தெரிஞ்சிட்டுது. மாப்பிள்ளை வூட்டுல அனுப்பிச்ச ஆளு.”

ஜோதிமணி துண்டை மறுபடி தட்டின் மேல் இழுத்துவிட்டாள்.

“நான் சீக்காளின்னு தெரிஞ்சா எம் பொண்ணு அனுப்ரியா கல்யாணம் நின்னுடும். கிட்னி போனவன் தண்ணி குடிக்க மாட்டான்னு இப்ப எல்லாருக்கும் தெரியுமே. அதான், அவரு பாக்கப் பாக்கக் குடிச்சேன். மொத வாரம் குடிச்சிட்டு, வூட்டுக்குப் போயி படுக்க முடியல. மூச்சு முட்டிச்சு. அப்புறந்தான் யோசிச்சேன். வியாழக்கிழமையே ரெண்டு லிட்டர் கூட எடுத்துட்டா, வெள்ளிக்கிழமைக்கு எடம் இருக்கும்ல.”

“சுமலதாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே. தெரியுமா?”

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார். சுவரைப் பார்த்தே பேசினார்.

“காலு இழுத்துக்கும்போது அந்தப் பொண்ணு எங் கால அது மடியில தூக்கி வச்சு நீவி வுட்டுச்சும்மா. ‘பெருசு, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல’ன்னு சொல்லிகிட்டே இருக்கும். அத அனுப்பிட்டாங்கன்னு சனிக்கிழமை வந்தப்பவே கேள்விப்பட்டேன். நான் வாயத் தொறக்கல.”

பின்னால் காலடி கேட்டது. கூப்பிடும்வரை வராதே என்று சொல்லியும் விமல்ராஜ் வந்திருந்தான். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

கிருஷ்ணப்பன் அவனைப் பார்த்தார்.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார். கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் தள்ளினார். சிரித்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரரின் தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்து மூடியைத் திருகினார்.

“வாங்க தம்பி. சும்மா… சிநேகிதர் ஒருத்தரப் பாக்க வந்தேன். டீ சாப்ட்டீங்களா?”

பாட்டில் வாய்க்குப் போவதற்குள் ஜோதிமணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அதில் வலுவே இல்லை.

“வேணாங்கண்ணா. குடிக்காதீங்க. இவனை அங்க அனுப்புனது நான்தான்.”

கிருஷ்ணப்பன் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். முதுகு பழையபடி வளைந்தது.

“அப்ப நான் குடிச்சதெல்லாம்…” என்று விமல்ராஜிடம் திரும்பினார். “நல்லாத்தானே குடிச்சேன் தம்பி?”

“நல்லாக் குடிச்சீங்கண்ணா” என்றான் விமல்ராஜ். “நான் நம்பிட்டேன்.”

மையத்தின் மேலாளர் ஆனந்தராஜ் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“சத்தமில்லாம முடிச்சிடலாம் மேடம். கடிதத்தைக் கிழிச்சிடறேன். சுமலதாவை திங்கக்கிழமையில இருந்து வரச் சொல்லிடலாம். யாரும் எதும் கேக்க மாட்டாங்க. உங்க பேரும் கெடாது.”

ஜோதிமணிக்கு அது இனித்தது. இனித்தது என்று தெரிந்ததும் எழுந்துவிட்டாள்.

கெலமங்கலத்துக்கு அரை மணி நேரம். விமல்ராஜ் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினான். வியாழக்கிழமைகளையும் வெள்ளிக்கிழமைகளையும் அவள் விரல் விட்டாள். முதல் வெள்ளி விமல்ராஜ் டீக்கடையில் உட்கார்ந்தான். அடுத்த வியாழன் முதல் மயக்கம். ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. மையத்தில் யார் இதைச் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். செய்தவள் அவள்தான்.

சுமலதா வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தாள். ரோஜாக்களை இருபது இருபதாகக் கட்டி அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்களில் முள் கீறல்கள். அவள் அம்மா தெலுங்கில் எவரு என்று கேட்டாள். சுமலதா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ரிப்போர்ட் எழுதுனவங்கம்மா” என்று தமிழிலேயே சொன்னாள்.

அம்மா உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்ல யாரும் இல்லை.

ஜோதிமணி நின்றபடியே சொன்னாள். பல்சக்கரத்தில் தொடங்கி, டீக்கடை வரைக்கும். விமல்ராஜ் ரோஜாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இப்ப அவருக்கு பி.பி. எவ்வளவு?” என்றாள் சுமலதா.

ஜோதிமணிக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ளவில்லை.

“மொத வியாழக்கிழமையே எனக்கு டவுட்டு. மூஞ்சி வீங்கல, காலு வீங்கல. மூணு கிலோ தண்ணி எங்க இருக்குதுன்னு பாத்தேன். கோடும் சரிஞ்சுகிட்டே வந்துது. கொறைச்சேன். டாக்டருக்கு அன்னிக்கிச் சொல்லல. சொல்லாம மாத்துனது தப்புதான். அதான் நீங்க கேட்டப்ப ஆமான்னேன்.” ஒரு காம்பை ஒடித்தாள். “ஏன்னு நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்.”

“கேட்டிருக்கணும்.”

“ம்.”

“திங்கக்கிழமையில இருந்து வரலாம்னு ஆனந்தராஜ் சொன்னாரு. கடிதத்தைக் கிழிச்சிடறாங்க.”

சுமலதா கட்டிக்கொண்டிருந்த கட்டை முடித்தாள். அடுக்கின் மேல் வைத்தாள்.

“போன வெள்ளிக்கிழமை உங்க ரிப்போர்ட்ட எல்லாரையும் நிக்க வச்சு வாசிச்சாங்க. டெக்னீசியன், ஆயா, வாட்ச்மேன், படுக்கையில இருந்த பேசன்ட்டு எல்லாரும் கேட்டாங்க. நானும் நின்னு கேட்டேன். கிழிச்சா அது போயிடுமா?”

“என்ன செய்யணும்?”

“இன்னொரு ரிப்போர்ட்டு எழுதுங்க. அதே எடத்துல, அதே மாதிரி எல்லாரையும் நிக்க வச்சு. மேனேஜர் வாசிக்கக் கூடாது. நீங்க வாசிக்கணும்.”

ஐந்து மணிக்குக் குழு அறையில் கூடவில்லை. ஜோதிமணி கேட்டுக்கொண்டபடி படுக்கைகளுக்கு நடுவில் கூடியது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிரவீனா, இரண்டு ஆயாக்கள், வாசல் காவலாளி, குழுவினர் மூவர், ஆனந்தராஜ். சுமலதா சாதாரணப் புடவையில் கதவோரம் நின்றாள். வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவள் சீருடை போடக் கூடாது.

ஜோதிமணி வண்டியில் வரும்போதே எழுதியிருந்தாள். முக்கால் பக்கம்.

“‘என்னுடைய முந்தைய அறிக்கை தவறு. சுமலதா அளவைக் குறைத்தார். அதனால் ஒரு நோயாளி மூன்று முறை பிழைத்தார். நான் அதைக் குற்றம் என்று எழுதினேன். ஏன் குறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. நோயாளியையும் பார்க்கவில்லை. என் அறிக்கையால் ஒட்டப்பட்ட விதியால் நான்காம் முறை யாரும் குறைக்க முடியவில்லை.’”

நிமிர்ந்து பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை.

“‘இருபத்தேழாம் எண் நோயாளி எடையைக் கூட்டிக் காட்டினார். ஒரு ஆள் தன்னைக் கண்காணித்ததால், ஆரோக்கியமானவராகத் தெரிய வேண்டும் என்று அப்படிச் செய்தார். அந்த ஆளை அனுப்பியதும் நான்தான். அந்தக் கண்காணிப்பை இன்றோடு நிறுத்திவிட்டேன். அது பற்றி யாருக்கும் அறிக்கை தரமாட்டேன். நோயாளியின் பெயர்…’” அவள் நிறுத்தினாள். “‘நோயாளியின் பெயர் விதிப்படி வெளியிடப்படவில்லை.’”

ஓர் இயந்திரம் கூவி, தானே அடங்கியது.

“அது நான்தாங்க.”

சுவரோரக் கட்டிலில் இருந்து குரல் வந்தது. கிருஷ்ணப்பன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். வேட்டி நழுவியது. அதைப் பிடிக்கக் கட்டுப் போட்ட கையை வெளியே எடுத்தார். மறுபடி ஒளிக்கவில்லை.

“கிருஷ்ணப்பன். நான்தான் இடுப்புல இரும்பு கட்டிகிட்டு வந்தேன். சுமலதா, ஒங்கிட்ட… எம் பொண்ணுகிட்டயும் மாப்பிள்ளை வூட்டுலயும் நானே சொல்லிக்கிறேன். ஒங்கிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

சுமலதா கதவோரத்திலிருந்து நடந்து வந்தாள். அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். குனிந்து கணுக்காலில் பெருவிரலை அழுத்திப் பார்த்தாள். கெண்டைக்காலைத் தொட்டாள். இறுகியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை ஆறு மணி. பாத்ரூம் போறதா இருந்தா எடைக்கு முன்னாடி போயிட்டு வாங்க.”

“சரிம்மா.”

“அதுவரைக்கும் ஒரு தரத்துக்கு ஒரு டம்ளருக்கு மேல கூடாது.”

“சரிம்மா.”

மற்றவர்கள் கலைந்தார்கள். ஆனந்தராஜ் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஜோதிமணி காகிதத்தோடு அங்கேயே நின்றாள். ஏதாவது ஒரு சொல் வரும் என்று நின்றாள். வரவில்லை. கட்டில் பக்கம் போய்க் காகிதத்தை நீட்டினாள்.

சுமலதா காலை நீவிக்கொண்டே மேலிருந்து கீழ்வரை படித்தாள். திருப்பிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“கையெழுத்து இல்ல.”

ஜோதிமணி பையில் துழாவினாள். பேனாவை வண்டியில் விட்டிருந்தாள். வாசலைப் பார்த்தாள். விமல்ராஜ் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

சுமலதா பதிவேட்டின் நூலில் கட்டியிருந்த பேனாவைக் கண்ணால் காட்டினாள். நூல் குட்டை. குனிந்துதான் போட வேண்டியிருந்தது.

ஜோதிமணி குனிந்து போட்டாள்.